ஆமாம், டீ பார்ட்டிதான்

அந்தப் போட்டோவை எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், இனி யாரும் அனுப்ப வேண்டாம். வராந்தா ஜன்னல் வழியாக எடுத்திருக்கிறார்கள். நானும், என்னிடம் கவுன்சிலிங் பயிற்சி எடுக்கிற நாலு உளவியல் பிஎச்டி இன்டர்ன்களும், நடுவில் ஒரு ஃபிளாஸ்க், ஒரு சீப்பு மட்டிப்பழம். எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கிறோம். மேலே, 'கவுன்சிலிங் சென்டரில் வியாழக்கிழமை டீ பார்ட்டி'. வியாழன் போட்டோ, திங்கட்கிழமை நிர்வாகத்தின் சுற்றறிக்கை. இனி வியாழன் மதியம் 2 முதல் 4 வரை இன்டர்ன்கள் நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் அமைப்பு) ஃபைல் அடுக்க வேண்டும். பிள்ளைகளின் நேரம் 'பயனுள்ளதாக' அமையட்டுமாம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு சூப்பர்விஷன் என்று பெயர். பயிற்சியே அதுதான். மற்ற நாட்களில் அவர்கள் மாணவர்களைப் பார்க்கிறார்கள். பார்த்ததில் எங்கே தடுமாறினோம் என்று வியாழக்கிழமைதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அன்றைக்கு ஏன் சிரித்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இன்டர்ன்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி வாயில் வரவே மாட்டேன் என்றது. எதிரில் இருப்பவரிடம் சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கிற கேள்வி. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கேட்பதால் அப்படி ஆவதில்லை, பல பேருக்கு அது மூச்சு விட இடம் கொடுக்கும். படித்த பெண், இதெல்லாம் பரீட்சையில் எழுதிய பெண். ஆனால் வாய் வரவில்லை. முதலில் சுவரைப் பார்த்துக் கேட்கச் சொன்னேன். அப்புறம் ஃபேனைப் பார்த்து. அப்புறம் இன்னொரு இன்டர்ன் மாணவனாக உட்கார, இவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்களுக்குத் தற்கொலை எண்ணங்கள் உள்ளனவா?" என்றாள். அவன், "உள்ளன மேடம், எத்தனை கிலோ வேணும்?" என்றான். அந்த நொடிதான் போட்டோ.

அதற்கு அடுத்த நொடியை யாரும் எடுக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, "மக்கா, செத்துப் போயிரலாம்னு தோணுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். அறையில் ஒருவரும் பேசவில்லை. சிரித்தவனும்தான். இந்த ஒரு வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. நாக் ஃபைலில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

"இது நாகர்கோவில் மேடம், அமெரிக்கா இல்லை" என்று ஒருவர் சொன்னார். ஐயா, அமெரிக்காவை நீங்கள்தான் இழுத்தீர்கள், அதனால் சொல்கிறேன். அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் உளவியல் மாணவர்கள் ஒரு முழு வருடம் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள். பல்கலைக்கழகக் கவுன்சிலிங் சென்டர்களிலும் நிறைய பேர் செய்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமானால் ஓர் இன்டர்னுக்கு வாரம் குறைந்தது 4 மணி நேரம் சூப்பர்விஷன் தரவேண்டும். அதில் 2 மணி நேரம் தனியாக. நான் கேட்பது நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு.

"பிஎச்டி பண்ணுகிறவர்களுக்கு இன்னும் என்ன பயிற்சி?" இது இன்னொருவர். நம் ஊர் பிஎச்டி ஆராய்ச்சிப் பட்டம். முந்நூறு பேரிடம் கேள்வித்தாள் வாங்கி, கணினியில் போட்டு, அட்டவணை எடுத்து ஆய்வேடு எழுதிவிடலாம். அழுகிற ஒரு ஆளின் எதிரில் ஒருமுறைகூட உட்காராமல் உளவியலில் டாக்டர் ஆகிவிடலாம். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த க்ளினிக்கல் படிப்பு படித்து க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு செய்கிற பாதை வேறு. என் பிள்ளைகள் அந்தப் பாதையில் வந்தவர்கள் இல்லை. இதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் கூடுதலாக வேண்டும் என்கிறேன், குறைக்கச் சொல்கிறீர்கள்.

மாணவர்கள் சொன்னதை ஐந்து பேர் கூடிப் பேசினால் ரகசியம் என்னாவது என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. முதல் நாளே மாணவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குகிறோம், பெயர் சொல்வதில்லை. ஜன்னல் திறந்திருந்தது என் தவறு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

"நம்ம பாட்டிமார் செய்யாத கவுன்சிலிங்கா?" இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன். 2017 டிசம்பர், ஒக்கி புயல் அடித்து ஓய்ந்த நேரம். எனக்கு அப்போது படிப்பு இருந்தது, வழிகாட்ட ஆள் இல்லை. இரண்டு நாள் வகுப்பு எடுத்து, தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் கடலிலிருந்து திரும்பாத ஒரு அக்காவிடம் போய், "தைரியமா இருங்க, நல்லதே நடக்கும்" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "பிள்ளே, நீ போய் அந்த வள்ளத்த எண்ணிட்டு வா" என்றார். போய் எண்ணவும் செய்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், மணலில் நின்று, வள்ளங்களை எண்ணினேன். திரும்பி அந்த வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறி வடசேரியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி அதைச் சொல்லி அழ எனக்கு ஒரு வியாழக்கிழமை இருந்ததா? அந்த அக்காவிடம் மறுநாள் போகச் சொல்ல யாராவது இருந்தார்களா? என் இன்டர்ன்களுக்கு நான் இருக்கிறேன். அவ்வளவுதான் நான் செய்வது.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு, எங்கள் கன்னியாகுமரி தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோம். என் அறைக்கு வருகிற பையன் முதலில் எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடையில் நின்று, ஆள் நடமாட்டம் பார்த்து, அப்புறம் உள்ளே நுழைகிறான். 'நட்டு கழன்ற ரூம்' என்று பெயர் வைத்தது படிக்காதவர்களா? பியூன் அண்ணன்தான் அந்தப் பையன்களுக்காக வராந்தா லைட்டை அணைத்துவைப்பார். அவர் எட்டாம் வகுப்பு.

போட்டோ எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு எனக்குப் போன் செய்து,

சரி, அது வேண்டாம். எழுத மாட்டேன். அவர் பயப்பட வேண்டாம்.

மீனாட்சிபுரத்தில் ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை எடுத்துவிட்டேன், மூன்று மீட்டர். பில்லை யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் என்னிடமே இருக்கிறது. சுற்றறிக்கையும் என்னிடம்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடாமல். வியாழன் 2 மணிக்கு உட்காருவோம். டீ உண்டு.