பக்கிள் மாட்டாமல் படகு நகரக் கூடாது

ஏரிப் படகுத்துறையில் உடைந்த லைஃப் ஜாக்கெட்டோடு படகில் ஏற மாட்டேன் என்று நான் நின்ற அந்த வீடியோ எனக்கே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது. அதனால் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஆமாம், ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கவுண்டர் முன்னால் நிற்பது நான்தான். "ஒரு பெடல் போட்டுக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று எழுதி அதைப் போட்டவர் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் அதன் கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் பலரை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடந்ததை ஞாயிற்றுக்கிழமையே எழுதியாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. போட் ஹவுஸ் பெயரையும் சொல்லப் போவதில்லை, இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். தங்கச்சி மகனுக்கு ஏழு வயது. பெரியவர்கள் போடுகிற ஜாக்கெட்டை அவன் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரு பக்கிள் உடைந்திருந்தது, நாடாவை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். சின்ன சைஸ் இருக்கா என்று கேட்டேன். "இருக்கறது இதான் மேடம், ஏறுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஏற மாட்டேன் என்றேன். என் குற்றம் இவ்வளவுதான்.

இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஆளுக்குப் பொருந்துகிற ஜாக்கெட், எல்லா பக்கிளும் மாட்டி, நாடா இழுத்து இறுக்கிய பிறகுதான் படகு ஜெட்டியை, அதாவது படகுத்துறையை, விட்டு நகர வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு போவதும், சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு போவதும், தோளில் சும்மா மாட்டிக்கொண்டு போவதும் ஜாக்கெட் போட்ட கணக்கில் வராது.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குழந்தைக்கு ஜாக்கெட்டைப் போட்டு இறுக்கிவிட்டு, தோள் பக்கத்துப் பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். தாடையைத் தாண்டிக் காது வரைக்கும் ஏறினால் அந்த ஜாக்கெட் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. தண்ணீரிலும் இதுவேதான் நடக்கும். ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். பயத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கினால் மொத்தமாக உருவிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே ஒரு பட்டை வருவது எதற்கு என்று நினைத்தீர்கள்?

இனி கமெண்ட்டுகளுக்கு வருகிறேன்.

"பெடல் போட் எல்லாம் கவிழாதுங்க, அடி அகலமா இருக்கும், வேகமும் கிடையாது." சரி, ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது நல்ல நிதானமான படகுதான். ஆனால் எந்த ஏரியிலாவது எல்லோரும் உட்கார்ந்தே வந்து பார்த்திருக்கிறீர்களா? பாதி தூரம் போனதும் "எனக்குக் கால் வலிக்குது, நீ வந்து மிதி" என்று இரண்டு பேர் எழுந்து ஒரே பக்கமாக நின்று இடம் மாறுவார்கள். ஒருத்தர் போட்டோ எடுக்க எழுந்து நிற்பார், மற்றவர்கள் எல்லாம் அவர் பக்கம் சாய்வார்கள். ஈரமான ஃபைபர் தரை, காலில் வழவழப்பான செருப்பு. படகு கவிழ வேண்டிய தேவையே இல்லை, ஒரு ஆள் வழுக்கி விழுந்தால் போதும். அந்த ஒரு ஆளுக்கு பக்கிள் மாட்டியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

காற்றை மறந்துவிடுகிறோம். அன்னப்பறவைத் தலை, மேலே கூரை என்று உயரமாகக் கட்டின படகைக் காற்று சுலபமாகத் தள்ளிக்கொண்டு போகும். போகும்போது காற்று முதுகுப் பக்கம் இருந்தால் சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் தெரியும். மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்கும், கால் ஓய்ந்துவிடும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, திரும்பும்போது காற்றோடு வர வேண்டும். மலையில் மேகம் கறுத்தால், ஒரு இடி கேட்டால், கட்டின காசைப் பார்க்காமல் கரைக்கு வந்துவிட வேண்டும். அரை மணி நேரம் தாண்டினால் கூடுதல் காசு என்று டிக்கெட்டிலேயே இருப்பதால் கடைசி ஐந்து நிமிடம் எல்லோரும் பதறிக்கொண்டு ஜெட்டியில் மோதுவதும், கயிறு கட்டும் முன்பே ஒரு காலைக் கரையில் வைத்துத் தாவுவதும் தனிக் கதை.

"எனக்கு நீச்சல் தெரியும்." நல்லது. ஸ்வெட்டர், சால்வை, ஜீன்ஸ், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு நீந்திப் பார்த்திருக்கிறீர்களா? சேலையோடு? மலை ஏரித் தண்ணீரின் குளிரில் விழுந்த உடனே மூச்சு தானாக இழுக்கும், அந்த இழுப்பில் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போகும். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்ட வைப்பது ஜாக்கெட். நீச்சல் அதற்கப்புறம். கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் நீந்திப் போய்விடலாம் என்று கிளம்பக் கூடாது, படகைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டிச் சத்தம் போட வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் படகும் பெரும்பாலும் மிதந்துகொண்டுதான் இருக்கும், தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். தனியாக நீந்தும் ஒரு தலை கண்ணுக்குத் தெரியாது.

தேக்கடி படகு விபத்தை நான் இதோடு சேர்த்துப் பேசியதற்கு, "தேக்கடியையும் பெடல் போட்டையும் ஒப்பிடுவது அபத்தம்" என்று ஒரு பேராசிரியர் நீளமாக எழுதியிருந்தார். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா கவிழ்ந்து 45 பேர் போனார்கள். அது இரண்டடுக்கு மோட்டார் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதாக அப்போது சொன்னார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவில் ஹர்ணி ஏரிக்கு சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் 12 பேர், ஆசிரியைகள் 2 பேர். ஐயா, மூன்றும் மோட்டார் படகாகவே இருக்கட்டும். ஆள் ஒரு பக்கம் சாய்வது, அளவுக்கு மேல் ஏற்றுவது, ஜாக்கெட் இல்லாமல் அனுப்புவது, இந்த மூன்றும் பெடல் போட்டில் நடப்பதே இல்லையா? செத்தவர்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதை விபத்து என்று எழுதக்கூட மாட்டார்கள், உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வரும். படகுப் பாதுகாப்புக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இலேயே தனியாக வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் என்னைப் படிக்கச் சொன்னவர் நீங்கள்.

எனக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும் என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். என் சித்தப்பா ஒரு ஏரியில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கடைசி வரைக்கும் தினக்கூலி. கோடை லீவில் நாங்கள் அவர் வீட்டில்தான் கிடப்போம், விடிந்ததும் அவர் பின்னாலேயே ஜெட்டிக்கு ஓடுவோம். முதல் டிக்கெட் கிழிக்கும் முன்பு அவர் ஒவ்வொரு படகாகப் போவார். விரல் முட்டியால் படகின் பக்கங்களைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். வெறும் கூடு ஒரு மாதிரி சத்தம் கொடுக்கும், உள்ளே தண்ணீர் கசிந்திருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். தண்ணீரில் விட்டபின் நாலு மூலையையும் அமுக்கிப் பார்ப்பார். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தே நின்றால் அந்தப் படகு அன்றைக்கு வெளியே போகாது. பெடலைக் கையால் சுற்றுவார், கரகரவென்று சத்தம் வந்தால் கிரீஸ் டப்பாவைத் திறப்பார். பின்னால் துடுப்புச் சக்கரத்தில் ஒரு தகடு விரிசல் விட்டிருந்தால்கூடக் கழற்றிப் போட்டுவிடுவார். ஸ்டியரிங் கம்பியை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்ப்பார்.

சாயங்காலம் படகைக் கரையில் ஏற்றி, மூக்கைக் கொஞ்சம் தூக்கி வைத்து, பின்னால் இருக்கிற ட்ரெயின் பிளக்கை, அதாவது உள்ளே புகுந்த தண்ணீரை வடிக்கிற மூடியைத் திறந்துவிடுவார். இரவெல்லாம் வடியும். காலையில் அந்தப் பிளக்கைக் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார், கையால் திருகிப் பார்த்தால்தான் அடுத்த வேலை. ஃபைபரில் கீறல் விழுந்தால் எம்-சீல் என்கிற ஒட்டுப்பசை உருண்டையை அமுக்கிவிட்டு ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நன்றாகக் காய வைத்து, தேய்த்து, ஃபைபர் மேட் என்கிற இழைத் துணியும் ரெசின் பசையும் போட்டு ஒட்டினால்தான் நிற்கும் என்பார்.

ஜாக்கெட்டுகள்தான் அவருக்கு உயிர். ஈரத்தோடு குவித்து வைக்க விட மாட்டார், பூசணம் பிடிக்கும். கயிற்றில் நிழலில்தான் தொங்கும், வெயிலில் போட்டால் துணியும் நாடாவும் இற்றுப்போகும். அதன் மேல் உட்கார்ந்தால் எங்களுக்கு அடி விழும். உள்ளே இருக்கிற ஃபோம் நசுங்கினால் மிதக்கும் சக்தி போய்விடும். சீசனுக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அமுக்கி விடுவார். சட்டென்று மேலே வராததைக் கழித்து, கத்தியால் கிழித்தும் விடுவார். கிழிக்காவிட்டால் கூட்ட நாளில் யாராவது திரும்ப எடுத்துக் குவியலில் போட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு சீசனில் அப்படிக் கிழித்ததற்கு, "ஆள் வர்ற நேரத்துல சரக்கைக் கிழிக்கிறியா" என்று அவர் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். அடுத்த சீசனிலும் கிழித்தார்.

அதனால் முடிச்சுப் போட்ட நாடாவோடு ஒரு ஜாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வரத்தான் செய்யும்.

பண்ணைக்குட்டையில் சொந்தமாகப் பெடல் போட் விட்டிருக்கும் நண்பர் ஒருவர் பராமரிப்பு பற்றிக் கேட்டிருந்தார். மேலே சொன்னதுதான், கூட இரண்டு சொல்கிறேன். வெயிலில் போட்டு வைக்காதீர்கள், நிழலோ தார்ப்பாயோ வேண்டும், இல்லாவிட்டால் ஃபைபர் வெளுத்து மாவு மாவாக வரும். முட்டுக்காடு மாதிரி உப்புக்கழியில் ஓட்டுவதாக இருந்தால் தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், போல்ட்டும் செயினும் துருப்பிடித்துவிடும். ஆகாயத்தாமரை சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் பின்பக்கமாக மிதியுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். குனிந்து கையால் பிடுங்கப் போகாதீர்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிவிட்டு உட்காருங்கள், பெடலில் சிக்கினால் ஆளையே குனிய வைத்துவிடும்.

"பிடிக்கலைன்னா ஏறாம போயிருக்கலாமே, எதுக்கு வரிசையை நிறுத்தணும்?" இதுதான் அதிக லைக் வாங்கின கமெண்ட். ஏறாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குப் பின்னால் நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு அதே ஜாக்கெட் போயிருக்கும். அந்தக் குடும்பத்தில் யாரோதான் செல்போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தது. உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கேட்டேன் அம்மா. உங்களுக்குப் பத்து நிமிடம் தாமதமானது, அதற்கு என்னை ஊரெல்லாம் சிரிக்க வைத்தீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அவரும் அதையேதான் கேட்டார், வீடியோவில் குரல் கேட்கும். அவரைப் பற்றி ஒரு கமெண்ட் இல்லை. எனக்கு மட்டும் "படிச்ச திமிரு", "வீட்ல எப்படி சமாளிக்கிறாங்களோ", "இந்த அம்மா இருக்கற வீட்ல பிள்ளைங்க பாவம்". பஸ்ஸில் படிக்கட்டில் தொங்காதே என்றால் கத்துகிற பொம்பளை. ஹெல்மெட் போடு என்றால் நச்சரிக்கிற பொம்பளை. ஆஸ்பத்திரியில் ஊசி புதிதா என்று கேட்டால் சந்தேகப் புத்தி. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் "தாய்க்காரி என்ன பண்ணிட்டிருந்தா" என்று முதல் கேள்வி எங்களிடம்தான் வரும். இதையெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும் என்று தோழி ஒருத்தி அறிவுரை சொன்னாள். என்னால் பழக முடியாது. எனக்கு வலிக்கிறது.

என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அந்த ஜெட்டிப் பையனை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். அவனும் தினக்கூலி என்றுதான் சொன்னான். அவனிடம் என்ன கொடுத்தார்களோ அதைத்தான் அவன் எங்களிடம் கொடுத்தான். நான் நகர மாட்டேன் என்றதும் மேனேஜரிடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு சாவி கேட்டு வந்தவனும் அவன்தான். ஸ்டோர் ரூமிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சின்ன சைஸ் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, பையனுக்கு அவனே பக்கிள் மாட்டி, அந்தப் பட்டைகளைத் தூக்கியும் பார்த்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனுக்கே தெரிந்திருந்தது. வீடியோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எந்த ஏரி என்று தெரிந்தவர்கள் இந்த வார விடுமுறைக்கு அங்கே போவதாக இருந்தால், கவுண்டருக்குப் பின்னால் பச்சைக் கதவு போட்ட ஸ்டோர் ரூம் இருக்கிறது. ஒரு மூட்டையைத்தான் அவன் பிரித்தான், பக்கத்தில் பிரிக்காத மூட்டைகள் இன்னும் இருந்தன. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். சாவி மேனேஜரிடம் இருக்கும்.