கைபேசியைக் கொஞ்சம் இறக்குங்கள்!

இனி பொறுக்க முடியாது. இங்கே மொரீசியசில் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் எனக்குத் தெரிவது மேடை இல்லை, முன்னால் நிற்பவரின் கைபேசித் திரைதான். போர்ட் லூயி அரங்கமானாலும் சரி, கடற்கரைச் செகா ஆட்டமானாலும் சரி, பாட்டு தொடங்கியதும் அத்தனை கையும் மேலே போய்விடுகிறது.

செகாவைத் திரைக்குள்ளா பார்ப்பது? அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வளர்த்த கலை அது. 2014இல் யுனெஸ்கோவே தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வாசிக்கும் முன் ரவான் மேளத்தின் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகும், தட்டும் சத்தம் கணீரென்று மாறும். நம் பறையையும் இப்படித்தானே காய்ச்சுகிறோம்! எனக்கு அந்த நேரம்தான் உயிர். சரியாக அப்போதுதான் பக்கத்தில் ஒருவர் பளீரென்று டார்ச் அடிக்கிறார். நெருப்பின் அழகே செத்துவிடுகிறது.

அப்புறம் உடை. ஆடுகிறவர்களின் அகலப் பாவாடைக்காகவே பாதி நாள் போகிறேன். சுருக்கம் எங்கே பிடித்திருக்கிறார்கள், ஓரத்தில் என்ன பட்டை, எத்தனை முழம் துணி, எல்லாம் ஒரே சுற்றில் தெரிந்துவிடும். தெரிய விட்டால்தானே! முழங்கை, முழங்கை, மறுபடியும் முழங்கை. "கொஞ்சம் இறக்குங்களேன் அண்ணா" என்றால் முறைப்பு வேறு.

தைப்பூசக் காவடியிலும் இதே கூத்து. அலகு குத்தி வெயிலில் நடந்து வருகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கைபேசியை நீட்டுகிறார்கள். வேண்டுதலோடு வருகிறவரை வழிமறித்தா படம் எடுப்பது?

எடுத்ததையாவது யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா? இரைச்சலும் பாதித் தலையும்தானே அதில் இருக்கின்றன? டிக்கெட்டுக்கு நானும்தானே காசு கொடுத்தேன்?