பேட்டரியைக் கழற்றினால் சிடி வந்துவிடாது
"பேட்டரி வயரைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டினால் சேஞ்சரில் சிக்கிய சிடி தானே வெளியே வரும்" என்று, காரில் பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் சேஞ்சர் பெட்டியைப் பற்றி மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. உள்ளே இருக்கும் சில்லு (சிப்) குழம்பியிருந்தால் அது பலிக்கும். சிடியே மாட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் 'கிர்ர்' என்று இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும், அவ்வளவுதான்.

ரங்கூனில் நாம் ஓட்டுவது பெரும்பாலும் பழைய ஜப்பான் வண்டி. என்னுடைய ஆறு சிடி சேஞ்சரைத் திறந்தபோது, முருகன் பாட்டு சிடியின் காகித லேபிள் ஓரம் பிய்ந்து ரப்பர் உருளையில் சுருண்டு ஒட்டியிருந்தது. சிடியின் தடிமனே 1.2 மில்லிமீட்டர், அந்த இடுக்கில் லேபிள் தூக்கிக்கொண்டால் இடிக்காதா? மழைக்கால ஈரத்தில் பசை வேறு இளகிவிடும்.

இன்னொன்று, பேட்டரியைக் கழற்றினால் சில ரேடியோக்கள் திருட்டுத் தடுப்பு எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். கைமாறி வந்த வண்டிக்கு அந்த எண் யாரிடம் இருக்கும்?

அப்புறம், கத்தியை விட்டு நெம்பாதீர்கள், லென்ஸ் கீறிவிடும். செட்டை வெளியே எடுத்து, மேல்மூடியைக் கழற்றி, பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அதற்கு முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றத்தான் வேண்டும், ஷார்ட் ஆகாமல் இருக்க.