சுனி கோஸ்வாமி மறைந்தபோது கண்டுகொள்ளாத ஊரா?
கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்புக்கு ஆடிய கால்பந்து வீரர் சுனி கோஸ்வாமி பற்றிய ஒரு கட்டுரையில், 'சுனி கோஸ்வாமி இறந்தபோது மோகன் பகான் ரசிகர்கள்கூடத் தெருவுக்கு வரவில்லை, மறதி அவ்வளவு' என்று எழுதியிருப்பது சரியில்லை. அவர் இறந்தது 2020 ஏப்ரல் 30. ஊரடங்கு நேரம், யார் எங்கே கூடுவது? அன்றைக்கே ரிஷி கபூரும் போய்விட்டார், முந்தின நாள் இர்ஃபான் கான். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. நான் வேலைக்காக கொல்கத்தாவில் நாலு வருடம் இருந்தவன். எங்கள் தெரு டீக்கடைக்காரர் பரம்பரையாகவே எதிர் கிளப்பான ஈஸ்ட் பெங்கால் ஆள், மோகன் பகான் என்றாலே முகம் சுளிப்பார். ஆனால் சுனி பேச்சு வந்தால் மட்டும் கெட்டிலை இறக்கிவைத்துவிட்டு அவர் பந்தை எப்படிக் கொண்டுபோவார் என்று நடந்தே காட்டுவார் (டீ ஆறிப்போகும், அது வேறு விஷயம்). 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை எல்லாரும் சொல்வார்கள், அப்போது அவர்தான் கேப்டன். அந்த ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிது, கடைசிவரை ஒரே கிளப்பில் ஆடியது. கால்பந்தை விட்டபின் ரஞ்சி கிரிக்கெட் இறுதிப்போட்டியில் வங்காள அணிக்குத் தலைமை தாங்கியதையும் விடமாட்டார்கள். அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் 'ஒரு நினைவுச்சின்னமாவது உண்டா' என்று கேட்டிருக்கிறார். உண்டு. மோகன் பகான் மைதான வாயிலுக்கே அவர் பெயர்தான், 2023-ல் கவாஸ்கர் வந்து திறந்துவைத்தார்.