குனூத்தும் இமாம் ஷாபிஈயும் எங்கள் பள்ளிவாசலும்

சுபஹ் என்னும் அதிகாலைத் தொழுகையில் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவதா விடுவதா என்று எங்கள் பள்ளிவாசலில் தொடங்கிய சச்சரவு, இப்போது மௌலவியை மாற்றும் பேச்சில் வந்து நிற்கிறது. ஓத வேண்டும் என்பவர்கள், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்படும்வரை முல்லைத்தீவில் வாழ்ந்த மூத்தவர்கள். வேண்டாம் என்பவர்களில் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் பிறந்து, வெவ்வேறு மதரஸாக்களில் ஓதி, யுத்தம் முடிந்தபின் வன்னிக்கு வந்த பிள்ளைகள். மூத்தவர்கள் பெருமையோடும் இளையவர்கள் சற்று இளக்காரத்தோடும், எங்கள் மத்ஹபின் (மார்க்கச் சட்ட வழியின்) இமாமான ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பெயரை இழுப்பதால் இதை எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 150 இல், அதாவது கி.பி. 767 இல், காஸாவில் பிறந்த முஹம்மத் இப்னு இத்ரீஸ் என்னும் இமாம் ஷாபிஈ, வாப்பாவை இழந்த சிறு குழந்தையாக உம்மாவோடு மக்காவுக்கு வந்தவர். தாள் வாங்க வசதியின்றி எலும்புத் துண்டுகளில் பாடம் எழுதினார் என்கிறார்கள். (முகாமில் சீமெந்துப் பைத் தாளில் எழுதிப் பழகிய நான் அந்த வரியை எளிதில் கடந்ததில்லை.) மதீனாவில் இமாம் மாலிக்கிடம் ஓதினார். பின்பு யெமனில் பதவி வகித்தபோது, அரசுக்கு எதிரானவர்களோடு சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டில் கலீபா ஹாரூன் ரஷீதின் முன் நிறுத்தப்பட்டார். அங்கே அவருக்காகப் பரிந்து பேசியவர், இமாம் அபூ ஹனீபாவின் மாணவரான முஹம்மத் அஷ்ஷைபானி. உயிர் தப்பிய ஷாபிஈ, தன் ஆசிரியர் மாலிக்கின் வழிக்குப் பல இடங்களில் மாறான ஈராக்கியரின் சட்டமுறையை அந்த ஷைபானியிடமே உட்கார்ந்து கற்றார்.

கடைசியாக எகிப்துக்குப் போனார். ஈராக்கில் சொன்ன தீர்ப்புகளில் பலவற்றை அங்கே மாற்றினார். ‘ரிஸாலா’ என்ற தன் சட்டமுறை நூலைத் திரும்ப எழுதினார், இன்று நம் கையில் இருப்பது அந்த எகிப்துப் பிரதிதான். ஹிஜ்ரி 204 இல் அங்கேயே வபாத்தானார். பழைய கூற்று, புதிய கூற்று என்று மதரஸாவில் பிரித்துப் பாடமாக்குகிறார்களே, அவை இரண்டும் அந்த ஒரே மனிதருடையவை. “எங்கள் மத்ஹபில் மாற்றமே கிடையாது” என்று சென்ற கூட்டத்தில் மேசையைத் தட்டிய பெரியவருக்கு இது தெரியாதிருக்காது. எதற்கும் ஹதீஸ் (நபிமொழி) ஆதாரம் கேட்கும் தம்பிமாருக்கோ, ஹதீஸைச் சட்டத்தின் ஆதாரமாக நிலைநிறுத்தி விரிவாக வாதாடியவர் அவர்தான் என்பதை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

பக்தாதில் அபூ ஹனீபாவின் கப்ருக்கு (அடக்கத்தலத்துக்கு) அருகே சுபஹ் தொழுதபோது, சுபஹில் குனூத் இல்லை என்ற அவர் மீதுள்ள மரியாதைக்காக இமாம் ஷாபிஈ குனூத்தை விட்டார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. குனூத் ஸுன்னத் (நபிவழி) என்பதே அவருடைய கருத்தாக இருந்தும் விட்டார்.

எங்கள் மௌலவி ஐவேளையும் தொழுவித்து, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, நள்ளிரவிலும் ஜனாஸா (இறந்தவர் உடல்) குளிப்பாட்ட வருகிறவர். வருகிற நிர்வாகக் கூட்டத்தில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான்: அவர் ஓதினால் பின்னால் நிற்பவர்கள் ஆமீன் சொல்லட்டும், விட்டால் பேசாமல் தொழட்டும். விட்டது மனதை உறுத்தினால், இமாம் ஸலாம் கொடுத்தபின், தாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்குமுன், ஸஹ்வுடைய ஸஜ்தா (மறதிக்கான சிரவணக்கம்) இரண்டு செய்துகொள்ள அதே மத்ஹபில் வழி இருக்கிறது. அதற்காக மௌலவியின் பெட்டியைக் கட்டவைக்க வேண்டியதில்லை.