எனக்கு 90, அவர்களுக்கு 30

போன மாதம் புது வேலைக்கான ஒப்பந்தம் மெயிலில் வந்தது. பதினாறு பக்கம். எல்லாரையும் போல நானும் முதலில் சம்பளப் பக்கத்துக்குத்தான் போனேன். பேசியபடியே இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். பக்கத்தில் இருந்த தங்கை, "நோட்டீஸ் பீரியட் எவ்வளவுன்னு பாத்தியா?" என்றாள்.

பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் வேலையை விடுவதாக இருந்தால் 90 நாள் முன்னால் சொல்ல வேண்டும். அவர்கள் என்னை அனுப்புவதாக இருந்தால் 30 நாள் போதும், அல்லது அந்த நாட்களுக்கு ஈடாகப் பணம். அந்தப் பணத்திலும் ஒரு வேலை செய்திருந்தார்கள். அவர்கள் எனக்குத் தருவது அடிப்படைச் சம்பளக் கணக்கில். நான் பாதியில் கிளம்பினால் என்னிடம் பிடிப்பது மொத்தச் சம்பளக் கணக்கில். ஒரே பத்தியில் இரண்டு தராசு. கைதவறி எழுதியதாக நான் நம்பவில்லை.

எச்.ஆருக்குப் போன் போட்டேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உங்க இடத்துக்கு ஆள் எடுத்து, வேலையைக் கைமாத்த மூணு மாசம் ஆகும் மேடம். எல்லாருக்கும் இதே டெம்ப்ளேட்தான்."

சரி, ஆள் கிடைக்க மூன்று மாதம் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். வேலை கிடைக்க மட்டும் ஒரு மாதம் போதுமா? நானும்தான் தேட வேண்டும், நாலு சுற்று இன்டர்வியூ முடிக்க வேண்டும், ஆஃபர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் போனால் அந்த வேலையை மிச்சமிருக்கிற நாலு பேர் தலையில் கட்டிவிடலாம் (கட்டுவார்கள், பார்த்திருக்கிறேன்). என் இ.எம்.ஐ.யை நான் யார் தலையில் கட்டுவது?

இரண்டு பக்கமும் ஒரே நாள் கணக்கு இருந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டங்களே வித்தியாசம் வைத்திருக்கின்றன. ஆனால் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். பிரிட்டனின் 1996 வேலை உரிமைச் சட்டப்படி, ஒரு மாதம் வேலை பார்த்த ஊழியர் குறைந்தபட்சம் ஒரு வாரம் நோட்டீஸ் கொடுத்தால் போதும். முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சமோ, இரண்டு வருடம் தாண்டியபின் சர்வீஸில் வருடத்துக்கு ஒரு வாரமாக ஏறி, 12 வாரம் வரை போகும். ஜெர்மனியின் சிவில் சட்டம் 622ஆம் பிரிவில் 20 வருடம் வேலை பார்த்தவரை அனுப்ப ஏழு மாத நோட்டீஸ். முதலாளிக்கு இருப்பதைவிட நீண்ட நோட்டீஸை ஊழியருக்கு எழுதக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம் டெம்ப்ளேட் நேர் தலைகீழ்.

அந்த 90 நாள் உண்மையில் என்ன செய்கிறது என்பது வேறு வேலை தேடிப்பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்டர்வியூ நன்றாகப் போகும். கடைசியில் "எப்போ ஜாயின் பண்ண முடியும்?" என்பார்கள். மூன்று மாதம் என்றதும் எதிர்முனையில் ஒரு "ஓ..." வரும், பாருங்கள். அதோடு சரி. அவர்களுக்கு அடுத்த மாதமே ஆள் வேண்டும். அதனால் பலர் கையில் ஆஃபர் இல்லாமலே முதலில் ராஜினாமா கொடுத்துவிட்டு, "நோட்டீஸில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு தேடுகிறார்கள். சம்பளம் நிற்கப்போகும் தேதி தெரிந்துகொண்டு தேடுகிறவர் எந்தத் தைரியத்தில் பேரம் பேசுவார்?

தங்கைதான் யோசனை சொன்னாள்: "குறைக்கச் சொல்லாதே, அவங்களோடதைக் கூட்டச் சொல்லு." அப்படியே எழுதினேன். என் 90 இருக்கட்டும், உங்களுடையதையும் 90 ஆக்குங்கள், பணக் கணக்கு இரண்டு பக்கமும் மொத்தச் சம்பளமாக இருக்கட்டும். அதுவரை அரை மணி நேரத்தில் பதில் போட்டவர்கள் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. 90 நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கும் போல.

நாலாம் நாள் திருத்திய ஒப்பந்தம் வந்தது. இரண்டு பக்கமும் 60. பணக் கணக்கு இரண்டு பக்கமும் அடிப்படைச் சம்பளம். "நோட்டீஸ் நாட்களைக் குறைப்பது நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற வரி மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது. அதையும் கேட்டேன், முடியாது என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் இந்த முறை பதினாறு பக்கத்தையும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் லீவு பற்றி எழுதியிருப்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.