‘டிபோர்ட்டி’ பாட்டு: ஒரு திருத்தம்

வியாசர்பாடி கானா கச்சேரியில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியின் ‘டிபோர்ட்டி’யை (நாடு கடத்தப்பட்டவர்) தமிழில் பாடினதுக்கு, “திருட்டுத்தனமா எல்லை தாண்டுனவங்களுக்கு எதுக்கு ஒப்பாரி?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாரும் அப்படி வந்தவர்கள் இல்லை. பாட்டு சொல்வது ஒரு விமான விபத்தை: 1948 ஜனவரி 28-ல் கலிஃபோர்னியாவில் விமானம் விழுந்து இறந்த 32 பேரில் 28 பேர் மெக்சிகோ தொழிலாளர்கள். அதில் ஒரு பகுதியினர் அரசு ஒப்பந்தத்திலேயே தோட்ட வேலைக்கு அழைத்து வரப்பட்டவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அந்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். செய்தியில் விமான ஊழியர்களுக்கும் காவலருக்கும் பெயர் இருந்தது, இவர்களுக்கு இல்லை. கத்ரிக்குப் பொறுக்காதது அதுதான். நம்ம புளியந்தோப்பு சாவு வீட்டில் செத்தவர் பேரைச் சொல்லாமல் கானா உண்டா? ஃபிரெஸ்னோ கல்லறையில் அந்தப் பெயர்கள் கல்லில் ஏறியதே 2013-ல்தான். அப்புறம், மெட்டு கத்ரி போட்டதில்லை. சுமார் பத்து வருஷம் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் போட்டது.